பழைய காதல்–திகில் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியின் இரண்டு தட்டு முழுக்க இந்த நாவல்கள்தான் இருக்கின்றன. இரவல் கேட்டு வருகிற உறவுப் பிள்ளைகளும், அவர்களுடைய சிநேகிதிகளும், சில வேளைகளில் அவர்களின் தாய்மாரும் பல வருடங்களாக ஒரே சந்தேகங்களையே கேட்டு வருகிறார்கள். வாசற்படியில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, ஒரு தடவை இருந்து ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எந்த நாவலின் கடைசி முடிச்சையும் இங்கே அவிழ்க்கவில்லை. ஒன்றையுமே வாசிக்காதவர்களும் தயங்காமல் தொடரலாம்.

அக்கா, இது காதல் கதையா, துப்பறியும் கதையா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கோ.

ஒன்றை மட்டும் சொல்ல முடியாது. துப்பறியும் கதையை வாசிக்கும்போது "யார் செய்தது?" என்ற கேள்வி நம்மை இழுத்துச் செல்லும். இந்த நாவல்களில் இழுத்துச் செல்லும் கேள்வி "யாரை நம்புவது?" என்பது. தனியாக வாழும் ஒரு பெண் தனக்குப் பழக்கமில்லாத ஒரு வீட்டுக்கோ ஊருக்கோ வந்து சேர்கிறாள். அங்கே ஏதோ சரியில்லை என்று அவளுடைய மனம் சொல்கிறது. அதே வேளையில் அங்குள்ள ஒருவன்மேல் அவளுக்குப் பிரியம் உண்டாகிறது. அந்தச் சரியில்லாமைக்குக் காரணமே அவன்தானோ என்ற ஐயம் வந்த இடத்திலிருந்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புரட்ட வேண்டியிருக்கிறது.

பேய்க்கதை என்று நினைத்து எடுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். இரவில் கேட்ட காலடிக்கும் பூட்டிய அறையில் தெரிந்த வெளிச்சத்துக்கும் பெரும்பாலும் ஒரு மனிதரே காரணமாக இருப்பார். நான் இவற்றைக் காதல்–திகில் நாவல் என்றே சொல்லி வருகிறேன். திகில் என்ற சொல்லை இங்கே பதைப்பு என்ற பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாவல் என்றால் எவ்வளவு பழையது?

நான் சேர்ப்பவை பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதிவரை வந்தவை. வேர் அதைவிட ஆழமானது. ஆன் ராட்கிளிஃபின் 'த மிஸ்டரீஸ் ஒஃப் உடொல்ஃபோ' 1794இல் வந்தது. சார்லட் புரொண்டேயின் 'ஜேன் அயர்' 1847இல். டாஃப்னி டு மோரியேயின் 'ரெபேக்கா' 1938இல். பின்னால் எழுதிய எல்லோரும் இந்த மூன்றுக்கும் கடன்பட்டவர்கள்.

1960இல் விக்டோரியா ஹோல்ட் என்ற பெயரில் 'மிஸ்ட்ரெஸ் ஒஃப் மெல்லின்' வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றதும், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகை மலிவுப் பதிப்புகளாகக் குவியத் தொடங்கியது. கொழும்பின் பழைய புத்தகக் கடைகளில் இன்று நமக்கு அகப்படுவதில் பெரும்பகுதி அந்த அலையில் வந்து ஒதுங்கியதுதான்.

நான் ஒன்றுமே வாசித்ததில்லை. எதில் தொடங்குவது?

மேரி ஸ்டுவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' நாவலில் தொடங்குங்கள். 1958இல் வந்தது. லிண்டா மார்ட்டின் என்ற அநாதைப் பெண், பிரான்ஸின் மலைப்பகுதியில் உள்ள ஒரு பெரிய மாளிகைக்கு, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையாக லண்டனிலிருந்து போகிறாள். அந்த வீட்டாருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருத்தி வேண்டுமாம். அவளோ தாய் வழியில் பிரெஞ்சுக்காரி, பரிஸில் வளர்ந்தவள். வேலை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகத் தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை மறைத்துவிடுகிறாள்.

கொழும்பில் மூன்று மொழிகளுக்கு நடுவே வாழும் நமக்கு இதன் சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள், நமக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டு நம்மைப் பற்றியே கதைக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை நம்மில் பலர் பழகியிருக்கிறோம். லிண்டா அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு இரட்டிப்பாகக் கேட்கிறது.

அது பிடித்துவிட்டால் 'ரெபேக்கா'வுக்குப் போங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு யாருடைய யோசனையும் தேவைப்படாது. 'உடொல்ஃபோ'வை மட்டும் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். அது மிக நீளமானது. வேறு காலத்து வேகத்தில் நடப்பது.

மட்டையைப் பார்த்தால் கூச்சமாக இருக்குது. இதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி பஸ்ஸில் போறது?

அந்த மட்டை எல்லோருக்கும் தெரியும்: கரிய வானம், பின்னால் ஒரு பெரிய வீடு, அதில் ஒரே ஒரு யன்னலில் வெளிச்சம், முன்னால் மெல்லிய நீண்ட உடையில் திரும்பிப் பார்த்தபடி ஓடும் ஒரு பெண். 1960களில் அமெரிக்கப் பதிப்பாளர்கள், கடைத் தட்டில் தூரத்திலிருந்து பார்த்தாலே வகை தெரிய வேண்டும் என்பதற்காக இதை ஓர் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் பெண் பெரும்பாலும் அப்படி ஓடுவதில்லை என்பதை வாசித்த பிறகு நீங்களே காண்பீர்கள். கூச்சமாக இருந்தால் பாடசாலைக் கொப்பிக்குப் போடுவதைப் போல ஒரு மண்ணிறக் கடதாசி உறை போட்டுக்கொள்ளலாம். பழைய மட்டைக்கும் அது பாதுகாப்பு.

கொழும்பில் இவை எங்கே கிடைக்கும்?

மருதானைப் பக்கம் டி. ஆர். விஜயவர்தன மாவத்தை ஓரமாக உள்ள பழைய புத்தகக் கடைகளே எனக்கு முதலிடம். நாவலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும். எழுத்தாளரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர்கள் பலர் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்குவதால், கைக்கடக்கமான மலிவுப் பதிப்புகள் அடுக்கின் அடியில் கிடக்கும். மழை இல்லாத ஒரு காலைப்பொழுதில் அவசரமில்லாமல் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாசிக்காமல் பாருங்கள். கதை முடிந்த இடத்தில் வெற்றுத்தாளோ விளம்பரத்தாளோ இருந்தால் நம்பி வாங்கலாம். ஒருமுறை நான் பார்க்காமல் வாங்கி வந்த பிரதியில் இறுதி அத்தியாயமே கழன்று போயிருந்தது. கதாநாயகி மலைப்பாதையில் நிற்கிறாள், பின்னால் ஒரு கார் வந்து நிற்கிறது. அதோடு தாள் முடிந்துவிட்டது. இன்னொரு பிரதி கிடைக்கும்வரை எட்டு மாதம் அந்தப் பெண் என் மனத்தில் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வாங்க விருப்பமில்லாதவர்கள் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில் உள்ள கொழும்பு பொது நூலகத்தில் ஆங்கில நாவல் பகுதியைத் தேடிப் பார்க்கலாம். டு மோரியே, மேரி ஸ்டுவர்ட் ஆகியோரின் நாவல்கள் புதுப்பதிப்புகளாகவும் வந்திருக்கின்றன. 'உடொல்ஃபோ', 'ஜேன் அயர்' இரண்டும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, அன்ரி. வாசிக்க ஏலுமோ?

ஏலும். இந்த நாவல்கள் பெரும்பாலும் "நான்" என்று ஒரு பெண்ணே சொல்லும் கதைகள். ஒரே குரல், ஒரே பார்வை. முதல் முப்பது பக்கத்துக்குள் அந்தக் குரல் பழகிவிட்டால் மிச்சம் தானாக ஓடும். ஆகவே முதல் இரண்டு அத்தியாயங்களை இரண்டு தடவை வாசியுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி எடுத்தால் பதைப்பு ஆறிவிடும். திரும்பத் திரும்ப வருகிற சொல்லை மட்டும் பாருங்கள்.

வீட்டின் பகுதிகளைக் குறிக்கும் சொற்களைப் பார்த்து வைப்பது மிகவும் உதவும். முகட்டுக்குக் கீழே உள்ள பரண் அறை, மாளிகையின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கம் என்று பிரிந்து நிற்கும் கட்டுகள், மாடிப்படி வளைவு, குதிரை லாயம் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்பது மனத்தில் பதியாவிட்டால், யார் எந்தக் கதவால் வந்திருக்க முடியும் என்பது பிறகு விளங்காது. என் தங்கையின் மகள் ஒரு துண்டுக் கடதாசியில் வீட்டின் வரைபடத்தைக் கீறிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பாள். அதைவிட நல்ல அகராதி இல்லை.

ஏன் எப்போது பார்த்தாலும் வீட்டோடு தங்கிப் பிள்ளைக்குப் படிப்பிக்கிற ரீச்சராகவே இருக்கிறாள்? வேறு வேலை இல்லையா?

19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் படித்த, ஆனால் சொத்தில்லாத ஒரு பெண் மரியாதையோடு செய்யக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே. அவற்றில் முதன்மையானது இது. கதைக்கு அந்த வேலை பொருந்துவதற்கு வேறு காரணமும் உண்டு. அவள் வேலைக்காரர்களோடு சேர்ந்தவளும் இல்லை, வீட்டாரோடு சேர்ந்தவளும் இல்லை. எல்லா அறைகளுக்கும் போகலாம், ஓர் அறையும் அவளுக்குச் சொந்தமில்லை. சந்தேகம் வந்தால் யாரிடமும் வாய் திறக்க முடியாது. திறந்தால் வேலையும் தங்குமிடமும் ஒரே நாளில் போய்விடும். ஜேன் அயரின் நிலை அது. 'மிஸ்ட்ரெஸ் ஒஃப் மெல்லின்' நாவலில் கோர்ன்வால் கரையில் உள்ள மாளிகைக்கு வரும் மார்த்தாவின் நிலையும் அதுவே.

தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: புகுந்த வீடு. பிறந்த வீட்டை விட்டு வந்த ஒரு பெண், எந்தப் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்கும் என்றுகூடத் தெரியாமல், எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நடக்கும் அந்த முதல் மாதத்தை நம் பாட்டிமாரும் அம்மாமாரும் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்! 'ரெபேக்கா'வை நான் இரண்டாந்தாரமாகப் போன ஒருத்தியின் கதையாகவே வாசிக்கிறேன். மூத்தாள் இறந்துவிட்டாள், ஆனால் வீட்டின் ஒவ்வொரு பொருளும் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இளையவளின் பெயர் கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. காலை நேரம் இருந்து கடிதம் எழுதும் அறையில் ஒரு பீங்கான் பொம்மையைத் தவறுதலாக உடைத்துவிட்டு, துண்டுகளைப் பொறுக்கி இலாச்சிக்குள் ஒளித்து வைக்கிறாள். அவள் அந்த வீட்டின் எசமானி! பிறகு பழி ஒரு வேலைக்காரன்மேல் விழும்போது அவள் படுகிற பாட்டை வாசித்துவிட்டு, என்னுடைய பெரியம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நானும் பத்தொன்பது வயதில் வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, பம்பலப்பிட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தவள். வீட்டுக்கார அம்மா நல்லவர். ஆயினும் மாடிப்படிக்குக் கீழே எப்போதும் பூட்டியிருந்த ஓர் அறையைக் கடக்கும்போதெல்லாம் நடையை மெல்லமாக்கியிருக்கிறேன். இந்த நாவல்கள் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வீட்டில்தான்.

கடைசியில் அவள் தப்பிவிடுவாள், கலியாணமும் நடக்கும் என்று தெரியும். பிறகு என்ன பதைப்பு?

அவளே கதை சொல்வதால் உயிர் தப்பிவிட்டாள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் முதற் கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். நாம் காத்திருப்பது அவளுடைய உயிருக்காக என்பதைவிட, அவளுடைய தீர்மானத்துக்காக. பல நாவல்களில் இரண்டு ஆண்கள் வருவார்கள்: ஒருவன் இனிமையாகப் பேசுபவன், மற்றவன் முகம் கொடுக்காதவன். எவன் நல்லவன் என்று ஊகிக்கும் பழக்கம் வாசகருக்கு வந்துவிட்டது என்பதை எழுத்தாளர்களும் அறிவார்கள். அந்தப் பழக்கத்தையே வைத்து நம்மைத் தவறான பக்கம் சாய்க்கிறவர்களும் உண்டு.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்'கில் வருகிறது. சிறுவனின் உயிருக்கு ஆபத்து என்று லிண்டா அறிந்துகொள்ளும் இரவில், அவள் நேசிக்கிற ரவூலும் அதற்கு உடந்தையா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் அவன் உடந்தையாக இருந்தால், கேட்ட கணமே பிள்ளை போய்விடும். ஆகவே அவள் கேட்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இருட்டில் இறங்கிவிடுகிறாள். காதலை அவள் குறைத்து மதிக்கவில்லை. தன்னை நம்பி இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் உயிரைத் தன் மனவிருப்பத்தின்மேல் பந்தயம் வைக்க அவள் தயாராக இல்லை. ரவூல் எப்படிப்பட்டவன் என்பதை நீங்களே வாசித்து அறியுங்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்பது எதுவாக இருந்தாலும், அந்த இரவில் அவள் செய்தது சரி.

ஊர் வர்ணனை நீளமாகப் போகுது. அதைத் தாண்டி வாசித்தால் என்ன?

மேரி ஸ்டுவர்ட்டிடம் தாண்டாதீர்கள். 'மை பிரதர் மைக்கேல்' கிரேக்கத்தின் டெல்ஃபியில் நடக்கிறது. 'த மூன்-ஸ்பின்னர்ஸ்' கிரீட் தீவில். 'திஸ் ரஃப் மேஜிக்' கோர்ஃபு தீவில். பாறையின் நிறம், எலுமிச்சைத் தோப்பு, நண்பகல் வெயில் என்று நீங்கள் சும்மா கடந்துபோகும் பத்தியில்தான், பிறகு அவள் ஒளியப்போகும் குகையும், யாரோ ஒருவன் ஏறிவரப்போகும் ஒற்றையடிப் பாதையும் சொல்லப்பட்டிருக்கும். விக்டோரியா ஹோல்ட்டிடம் வர்ணனை குறைவு. அங்கே வீட்டின் பழைய கதைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

அதோடு, வர்ணனை இந்த நாவல்களின் இன்பத்தில் பாதி. 1950களில் போரின் களைப்பிலிருந்து எழுந்துகொண்டிருந்த பிரித்தானிய வாசகிக்கு, வெயில் எறிக்கும் ஒரு தீவுக்குப் போவது எட்டாத ஆசை. ஐப்பசி மழையில் கரண்டும் போய், காலி வீதியில் வெள்ளம் நிற்கிற ஒரு மாலையில் அதே பக்கங்களை மெழுகுவர்த்தியில் வாசிக்கும்போது, அந்த வெயில் நமக்கும் வந்து சேர்கிறது.

ஒரே ஆளே வேறு வேறு பெயரில் எழுதியிருக்கிறார்களாமே?

ஆம். விக்டோரியா ஹோல்ட் என்பவர் எலினோர் ஹிபேர்ட் (1906–1993). அரச குடும்பங்களைப் பற்றிய வரலாற்று நாவல்களை ஜீன் பிளேடி என்ற பெயரிலும், குடும்ப வரலாறாக நீளும் ஒரு தொடரை பிலிப்பா கார் என்ற பெயரிலும் எழுதினார். பார்பரா மைக்கேல்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த பார்பரா மேர்ட்ஸ், சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் எகிப்தியல் ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எலிசபெத் பீட்டர்ஸ் என்ற பெயரில் எகிப்தியத் தொல்லியலை வைத்துத் துப்பறியும் நாவல்களும் எழுதினார். மடலின் பிரென்ட் என்ற பெயரில் எழுதியவர் பீட்டர் ஓ'டொனல் என்ற ஆண். சாகசச் சித்திரக்கதை நாயகி மொடஸ்டி பிளேஸைப் படைத்தவரும் அவரே. அந்த நாவல்களைப் பெண் எழுதியதாகவே நம்பிப் பல வருடம் வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. உண்மை தெரிந்த பிறகும் அவற்றின்மேல் எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை.

தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா?

இதே அச்சில் இல்லை. இதே பதைப்பு உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வில் புகுந்த வீட்டில் கணவனின் சகோதரிகளே அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். 1935இல் அது திரைப்படமாகவும் வந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மர்மமும் குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும் கதைகள் அவற்றில் பல. திரையில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) இந்த உலகத்துக்கு மிக அருகில் வருவது. 'ரெபேக்கா'வைத் தழுவி 'கொஹ்ரா' என்ற ஹிந்திப் படமும் 1964இல் வந்தது.

இலங்கையில் 1970களில் இந்திய வெளியீடுகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் நம்மவர்களின் நாவல்களை வெளியிட்டது. அவற்றில் பலவற்றை 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் தேடி வாசிக்கலாம். ஆனால் தனியாக வந்த பெண்ணே "நான்" என்று சொல்லி, தன் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து நம்மை அழைத்துச் செல்லும் நாவல் தமிழில் அரிதாகவே எனக்குக் கிடைத்திருக்கிறது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து வெள்ளவத்தை அனெக்ஸ்களில் தங்கியிருக்கும் இத்தனை பிள்ளைகளில் ஒருத்தி அதை எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்குது, பூச்சியும் அரிக்குது. என்ன செய்வது?

இந்தப் பதிப்புகள் மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளில் அச்சானவை; அதில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, தாளை உடையப் பண்ணுகிறது. தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டியிருப்பதால் முதுகை விரித்து மடக்கக் கூடாது. பாதியளவு திறந்து வாசியுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் பரவும்; முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள்.

இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைப்பது நம் வழக்கம். பூச்சி ஏற்கெனவே உள்ளே இருந்தால் அது போதாது. புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஆழ்குளிர்ப் பெட்டியில் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் தாளில் நீர் படியும்.

கதாநாயகன் கையைப் பிடித்து இழுக்கிறான், அதட்டுகிறான். அதை வாசித்து ரசிப்பது சரியா? மகளுக்குக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய்க்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சில நாவல்களில், முக்கியமாக 1970களில் அவசரமாக எழுதப்பட்டவற்றில், முரட்டுத்தனம் காதலின் அடையாளமாகவே காட்டப்படுகிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அப்படிப்பட்டவை என் அலுமாரியில் தங்குவதும் இல்லை. ஜோயன்னா ரஸ் என்ற எழுத்தாளர் 1973இல் இந்த வகையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பையே "யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர் என்று நினைக்கிறேன்" என்ற பொருள்பட வைத்தார். பிறரின் முகக்குறிப்பையும் குரலையும் படித்துப் படித்தே காலம் தள்ளும் பெண்களின் அன்றாடத் திறமை இங்கே உயிர் காக்கும் திறமையாகிறது என்று அவர் கண்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

மேரி ஸ்டுவர்ட்டின் பெண்கள் தொழில் பார்ப்பவர்கள், கார் ஓட்டுபவர்கள், தவறு கண்டால் வாய் திறப்பவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவற்றைத் தயங்காமல் கொடுக்கலாம். வாசித்து முடித்ததும், "எந்த இடத்தில் அவனை நம்பத் தொடங்கினாய்? எதனால்?" என்று மட்டும் கேளுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் நாவலோடு நிற்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஆட்களைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இலங்கையில் நடக்கிற நாவல் ஏதும் இருக்கோ? அதில் எங்கட ஆக்கள் வருவார்களா?

விக்டோரியா ஹோல்ட்டின் 'த ஸ்பிரிங் ஒஃப் த டைகர்' (1979) இங்கிலாந்தில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறது. குடும்பத்தின் முத்து மாலை ஒன்றும் கதையில் முக்கியமானது. முத்து என்றதும் மன்னார்க் கடலும், முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்பு என்ற கரையோர ஊரும் நினைவுக்கு வருகிற வாசகருக்கு அதில் தனி ஈர்ப்பு உண்டு.

ஆனால் அந்த நாவலும், கிழக்கு நாடுகளில் நடக்கும் அக்கால நாவல்கள் பலவும், பங்களாவின் விறாந்தையிலிருந்து பார்க்கும் பார்வையில் எழுதப்பட்டவை. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் கப்பலிலும் கொண்டுவரப்பட்ட நம் மக்கள். அவர்களுடைய லயங்களில் நிகழ்ந்த திகிலுக்கு இந்த வகையில் இடமே கிடைக்கவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் வாசிக்கிறேன். வாசிக்காமல் விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்நியமான வீட்டில் தனித்து நிற்கும் பெண்ணின் பயம் அதிலும் உண்மையாகவே இருக்கிறது. அதே மலையில், சற்றுக் கீழே, அதைவிடத் தனித்து நின்ற பெண்கள் இருந்தார்கள் என்பதை அறிந்து வாசிக்கும்போது, எழுதியவர் காணாத ஒன்று வாசிக்கிற நமக்குத் தெரிகிறது.

மர்மம் தெரிந்துவிட்ட பிறகு திரும்பவும் வாசிக்க என்ன இருக்கிறது?

துப்பறியும் நாவலைவிட இவற்றுக்கு மறுவாசிப்பு நன்றாகப் பொருந்தும். இரண்டாம் முறை நாம் அவளுக்கு முன்னால் நடக்கிறோம். முதல் முறை அன்பாகத் தோன்றிய ஒரு சொல் இப்போது வேறு விதமாகக் கேட்கிறது. முகம் கொடுக்காதவன் ஓர் அத்தியாயத்தில் ஏன் அறையை விட்டு எழுந்து போனான் என்பது விளங்குகிறது.

மருதானையில் நான் வாங்கிய 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' பிரதி எனக்கு முன்னால் யாரோ ஒருவரிடம் இருந்தது. பெயர் எழுதியிருக்கவில்லை. ரவூல் முதன்முதலாக வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கேள்விக்குறி. ஐம்பது பக்கம் கடந்து இன்னொன்று. லிண்டா பிள்ளையோடு வெளியேறும் இரவில், அழுத்திப் போட்ட இரண்டு கேள்விக்குறிகள்; தாள் மறுபக்கம் தடித்திருக்கிறது. பிறகு எங்கோ ஓரிடத்தில் அந்த வாசகர் தன் முடிவுக்கு வந்து, பின்னோக்கிப் போய், முதல் கேள்விக்குறியை மட்டும் அழிறப்பரால் அழித்திருக்கிறார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் தடம் இன்னும் தெரியும். நான் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் வந்ததும், நானாக இருந்தால் அழித்திருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு தடவை அழித்திருப்பேன் என்றும், ஒரு தடவை இல்லை என்றும் தோன்றியது.